கல்சட்டி: எட்டு மாதம் புழங்கிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அவசரக்காரர்களுக்கான பாத்திரம் இல்லை. நானும் அவசரக்காரன்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. ஒன்றரை லிட்டர் பிடிக்கும் மாக்கல் சட்டி, எடை இரண்டே முக்கால் கிலோ, விலை 950 ரூபாய், ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகும் தெருவில் ஒரு தள்ளுவண்டியில் வாங்கியது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உடையவில்லை. இதற்கு முன்னால் வாங்கியது உடைந்தது, அந்தக் கதை கீழே வருகிறது.

சட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சமைக்கவே தெரியாத ஒருவன் ஏன் மூன்று கிலோ கல்லைத் தூக்கிக்கொண்டு திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயிலேறினான் என்று புரியாது. தனியாக இருக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது ராத்திரி பத்தரை. லிஃப்ட்டில் வரும்போதே போனில் பிரியாணி சொல்லியிருப்பேன், அது வந்து சேர்வதற்குள் ஒரு பாக்கெட் மிக்சர் காலியாகியிருக்கும், அப்புறம் பிரியாணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு லேப்டாப்பில் எதையோ ஓடவிட்டுச் சாப்பிடுவேன். சாப்பிடுவேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. டப்பா காலியாகும், அவ்வளவுதான். பல நாள் கடைசி வாய் எப்போது போட்டேன் என்றே நினைவிருக்காது, டப்பாவின் அடியில் விரல் தட்டும்போதுதான் தெரியும்.

போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் கணக்கு, 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு வாசற்படி மாதிரி, இன்னும் உள்ளே போகவில்லை, வெளியிலும் இல்லை. டாக்டர் அமைதியாகத்தான் சொன்னார், நான்தான் பதறினேன். அன்றைக்கே அரிசிச் சாக்கைத் தூக்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காயும் முட்டையும், சாயங்காலம் ஒரு கைப்பிடி பாதாம். மூன்று மாதம் இப்படி. வெளியே சொன்ன கணக்கு இது. உள்கணக்கு என்னவென்றால், வாரத்தில் இரண்டு நாள் ராத்திரி பதினொன்றுக்கு மேல் அதே பிரியாணி வந்துகொண்டுதான் இருந்தது, இந்தத் தடவை ஒன்றுக்குப் பதில் இரண்டு, டப்பாக்களைக் காலையில் ஆபீஸ் போகும் வழியில் தெருமுனைத் தொட்டியில் போடுவேன், வீட்டுக் குப்பையில் இருந்தால் வேலைக்கு வரும் அம்மா பார்த்துவிடுவார்களாம். நாற்பத்திரண்டு வயசில் சோற்றைத் திருட்டுத்தனமாகத் தின்கிற நிலைமை. அரிசியைப் பகையாளி ஆக்கியதில் கிடைத்த லாபம் அதுதான்.

அப்படி ஒரு நாள் ஆத்தூரிலிருந்து பெரியம்மா போன் பண்ணினாங்க. என்ன சாப்பிட்ட என்று கேட்டாங்க, ஓட்ஸ் என்றேன். "அது என்ன கண்ணு, மாட்டுக்குக் காச்சுற மாதிரி"ன்னு சிரிச்சுட்டு, வேற எதையோ பேசப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் அந்த வீட்டுச் சமையலறை கண்ணில் வந்து நின்றுவிட்டது.

அங்கே ஒரு கல்சட்டி இருந்தது. கன்னங்கரேல் என்று, விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கும். வத்தக்குழம்பு அதில்தான் வைப்பாங்க. குழம்பு தீர்ந்து அடியில் எண்ணெயும் மண்டியும் ஒட்டியிருக்கும்போது, வடித்த சோற்றை இரண்டு கரண்டி அதற்குள்ளேயே போட்டு, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, கையாலேயே வழித்துப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருக்கும் எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு உருண்டை வைப்பாங்க. ஐந்து பிள்ளைகள், ஐந்து உருண்டை, சில நாள் ஆறாவதாக ஒரு சின்ன உருண்டை மிஞ்சும், அதற்குச் சண்டை. யோசித்துப் பார்த்தால் ஒரு உருண்டை என்பது அதிகம் போனால் நாலு வாய். அந்த நாலு வாய்க்கு இருந்த நிறைவு இரண்டு பிரியாணிக்கு ஏன் இல்லை? அன்றைக்கு ராத்திரி இந்தக் கேள்வியோடுதான் நெட்டில் கல்சட்டி தேட ஆரம்பித்தேன்.

சரி, உடைந்த கதை. முதல் சட்டியை ஆன்லைனில் வாங்கினேன், யாரிடம் என்பது வேண்டாம். 'பழக்கிய சட்டி, நேரடியாக அடுப்பில் வைக்கலாம்' என்று போட்டிருந்தார்கள், அதற்காகத் தனியாக நானூறு ரூபாய் கூட. கறுப்பாகப் பளபளவென்று வந்தது. அடுப்பில் வைத்த மூன்றாம் நாள் 'டக்' என்று ஒரு சத்தம், விரலால் கோடு இழுத்த மாதிரி அடியிலிருந்து விளிம்பு வரை விரிசல், ரசம் முழுக்க பர்னருக்குள். பாதிப் பணம் திருப்பித் தந்தார்கள், மீதிக்கு மூன்று மெயில் எழுதிவிட்டு விட்டுவிட்டேன். தப்பில் பாதி என்னுடையது, சட்டி சூடாக இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். மீதிப் பாதி, அது பழக்கிய சட்டியே இல்லை, வெறும் எண்ணெய் தடவிக் கறுப்பாக்கியது, கழுவும்போதே கையில் வந்தது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது இரண்டு விஷயம் சொன்னாங்க. ஒன்று, சட்டியை நேரில் பார்த்துத்தான் வாங்கணும், தூக்கிப் பிடித்து விரலை மடக்கிச் சுண்டினால் கணீர் என்று கேட்கணும், 'தட்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே எங்கேயோ விரிசல் இருக்கு. இரண்டு, அடுத்தவன் பழக்கிக் கொடுத்த சட்டி நமக்கு எதுக்கு.

அதனால்தான் ஸ்ரீரங்கம். சிநேகிதன் ஒருவனின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. புதுக் கல்சட்டி கறுப்பாக இருக்காது, சாம்பல் நிறம், திருநீற்றுக் கிண்ணம் மாதிரி இருக்கும். தடவினால் வழுவழு என்று சோப்புக்கட்டியைத் தொட்ட மாதிரி. மாக்கல்லில் பெரும்பங்கு டால்க்தான், முகத்துக்குப் போடும் பவுடருக்கு மூலப்பொருளாக இருக்கும் அதே கனிமம், அதனால்தான் கல் என்று பெயரே தவிர நகத்தால் கீறினால் கோடு விழும். மெத்தென்ற கல் என்பதால்தான் இதைக் குடைந்து கடைந்து சட்டியாக்க முடிகிறது. உள்ளே பார்த்தால் கடைந்த வரிகள் வட்டம் வட்டமாகத் தெரியும். அடிப்பாகம் தடிமனாக, மட்டமாக இருக்கிறதா என்று தரையில் வைத்து ஆட்டிப் பார்த்து எடுங்கள், ஆடினால் கேஸ் அடுப்பில் நிற்காது. எல்லாவற்றையும் சுண்டிப் பார்த்து ஏழாவது சட்டியை எடுத்தேன், வண்டிக்காரம்மா பொறுமையாக இருந்தார்கள்.

இனி பழக்குவது. இந்த வார்த்தையே எனக்குப் பிடித்துப்போயிற்று. நாய்க்குட்டியைப் பழக்குகிறோம், மாட்டை ஏருக்குப் பழக்குகிறோம், அந்த வரிசையில் ஒரு சட்டி. முதல் நாள் வெறும் தண்ணீரில் தேங்காய் நார் போட்டு நாலைந்து தடவை கழுவ வேண்டும், கல் தூள் போகும் வரை. (கழுவும்போது வரும் தூள் கொஞ்சம்தான். இதைக் கடைகிறவர்கள் நாள் முழுக்க அந்தத் தூளுக்குள் உட்கார்ந்து மூச்சு விடுகிறார்கள், பேரம் பேசும்போது அது நினைவில் இருக்கட்டும்.) அப்புறம் அரிசி களைந்த கழுநீரை ஊற்றி ஊறவைக்க வேண்டும், தினமும் பழசைக் கொட்டிப் புதுசு. நான் ஐந்து நாள் செய்தேன். ஆறாம் நாள் ஈரம் காய்ந்ததும் விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஒரு நாள் பூரா வெயிலில். ஏழாம் நாள் கொதிக்கிற வடிகஞ்சியை ஊற்றி ஆறவிட்டு, மறுபடி ஒரு தடவை. எட்டாம் நாள்தான் அடுப்பு, அதுவும் உள்ளே தண்ணீர் ஊற்றி, சிம்மில் வைத்து, தானாகக் கொதிக்கும்வரை. வீட்டுக்கு வீடு இதில் மாற்றம் உண்டு, சிலர் சுடுகஞ்சியையே தினமும் ஊற்றுவார்கள். எப்படியானாலும் வெறும் சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள்.

கழுநீர் வேண்டும் என்றால் அரிசி களைய வேண்டும், அரிசி களைந்தால் சோறு வடிக்க வேண்டும். மூன்று மாதம் வீட்டில் நுழையாத அரிசி சட்டிக்காக உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு ஆழாக்கு திருப்பிக் கொடுத்தாங்க. அந்த ஒரு வாரமும் ராத்திரி கொஞ்சமாகச் சோறு வடித்து, மோர் ஊற்றிக் கரைத்து, ஒரு மாவடுவோடு சாப்பிட்டேன். தட்டில் போட்டு, உட்கார்ந்து. லேப்டாப்பை மூட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, பிசைந்த கையோடு அதைத் தொட முடியாது என்பதால் தானாக மூடிக்கிடந்தது.

முதல் சமையல் மணத்தக்காளி வத்தக்குழம்பு. நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், வத்தல், சின்ன வெங்காயம், பூண்டு, புளிக்கரைசல், பொடி. பெரியம்மா ஸ்பீக்கரில். இந்தச் சட்டியின் குணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. சூடேற நேரம் ஆகிறது, சிம்மில் ஏழெட்டு நிமிஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், நம்மாட்கள் பொறுக்கமாட்டாமல் தீயைக் கூட்டிவிடுவார்கள், கூட்டாதீர்கள். ஏறிவிட்டால் இறங்காது. ஒரே எடையில் இரும்போடு ஒப்பிட்டால் இந்தக் கல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை உள்ளே வைத்துக்கொள்ளும், அதோடு சட்டியும் தடிமன். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு நன்றாகப் பத்து நிமிஷம் 'புளுக் புளுக்' என்று கொதித்துக்கொண்டிருந்தது. முதல் தடவை இது தெரியாமல் கெட்டியான பதத்தில் அணைத்தேன், சாப்பிட உட்காரும்போது அல்வா மாதிரி ஆகிவிட்டது. இப்போது கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே அணைத்துவிடுகிறேன், மீதியைக் கல் பார்த்துக்கொள்கிறது.

எனக்கு உதவியது இந்தத் தாமதம்தான், ருசியெல்லாம் அதற்கு அப்புறம். புளி கரைத்து, வெங்காயம் உரித்து, குழம்பு சுண்டி இறங்கி, ஆறுவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. பத்தரைக்கு வந்து இதைச் செய்ய முடியாது என்பதால் ஞாயிறும் புதனும் வைத்துக்கொண்டு மற்ற நாள் அதையே சூடாக்கிக்கொள்கிறேன், வத்தக்குழம்பு இரண்டாம் நாள்தான் நன்றாக இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். அந்த முக்கால் மணி நேரத்தில் அடுப்புப் பக்கத்தில் சும்மா நிற்கும்போது சில சமயம் ஒரு விஷயம் பிடிபடும். எனக்குப் பசியே இருக்காது. மேனேஜர் மேல் கோபம் இருக்கும், இல்லை தூக்கம், இல்லை நாள் முழுக்க யாரோடும் ஆபீஸ் தவிர வேறு எதையும் பேசாத ஒரு வெறுமை. அதற்குத்தான் இத்தனை நாள் பிரியாணி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று வெங்காயம் உரிக்கும்போது தெரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் காரணமாகவே இருக்கட்டும். அப்படிப்பட்ட நாளில் குழம்பை இறக்கி மூடிவைத்துவிட்டு ஒரு டம்ளர் பாலைக் குடித்துப் படுத்துவிடுகிறேன். பசியாக இருந்தால் சாப்பிடுகிறேன், அதுவும் நன்றாக, எண்ணெய் மிதக்க, சுட்ட அப்பளத்தோடு.

கடைசி நாள் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துப் பிசைவதை மட்டும் விடுவதில்லை. எனக்கு நானே உள்ளங்கையில் உருண்டை வைத்துக்கொள்கிறேன். பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

வேறு என்னவெல்லாம் வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: புளி சேர்ந்த எதுவும் பிரமாதம், கல் புளிப்போடு சண்டை போடாது, அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் அந்த நம்பிக்கை கிடையாது. கீரைக்கு நல்லது, அப்படியே மத்து வைத்து மெல்லக் கடையலாம், மரமத்து மட்டும். தயிர் உறையூற்றினால் கட்டியாக, வெட்டி எடுக்கிற மாதிரி வருகிறது. என் இப்போதைய செல்லம் தயிர்சாதம்தான்: சோற்றைக் குழைய வடித்துச் சட்டியில் போட்டு மசித்து, காய்ச்சி ஆறிய பால் நிறைய, தயிர் ஒரே ஒரு கரண்டி, உப்பு, இதைக் காலையில் கலந்து மூடிவைத்துவிட்டுப் போனால் ராத்திரி வரும்போது உள்ளுக்குள்ளேயே உறைந்து புளிப்பில்லாமல் காத்திருக்கும். மே மாதத்தில் இதைச் செய்யாதீர்கள், சென்னை வெயிலில் ராத்திரிக்குள் புளித்துப் பொங்கிவிடும், அனுபவம். வறுவல், பொரியல் வேலைக்கெல்லாம் இது ஆகாது, அதற்கு இரும்புச் சட்டி. இண்டக்‌ஷன் அடுப்பில் அறவே வேலை செய்யாது, கல்லைக் காந்தம் கண்டுகொள்ளாது.

கழுவுவதற்குச் சோப்பு வேண்டாம், பூசிப்பூசி ஏற்றிய எண்ணெய்ப் பிடிப்பைச் சோப்பு உரித்துவிடும். கடலைமாவு அல்லது சீயக்காய்த்தூள், தேங்காய் நார், போதும். முழுக்க ஆறிய பிறகுதான் தண்ணீர் படவேண்டும். வேலைக்கு வரும் அம்மாவிடம் இதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நானே கழுவ ஆரம்பித்துவிட்டேன். குறை என்று பார்த்தால் எடைதான் பெரிய குறை. குழம்போடு தூக்கினால் நாலு கிலோ தாண்டும், கைப்பிடியும் கிடையாது, இரண்டு பக்கமும் துணி பிடித்துத்தான் இறக்க வேண்டும், மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் அரை லிட்டர் சட்டியே போதும். விலையும் கொஞ்சம் அதிகம்தான்.

நடுவில் ஒரு நாள் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் உழைத்த ஒரு வேலை கைவிட்டுப் போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அலமாரியில் இருந்த சட்டியைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது, உன்னோடு முக்கால் மணி நேரம் இன்றைக்கு என்னால் முடியாது என்று போனை எடுத்தேன். பிரியாணி வந்தது. பழக்கதோஷத்தில் டப்பாவை மடியில் வைத்தவன், என்ன நினைத்தேனோ, எழுந்து தட்டு எடுத்து அதில் கொட்டி, வெங்காயப் பச்சடியை ஓரமாக வைத்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சீரகச்சம்பா அரிசி என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், அதே கடையில் இரண்டு வருஷமாக வாங்குகிறேன். பாதியில் போதும் என்று தோன்றியது, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தேன், மறுநாள் காலை டப்பாவை வீட்டுக் குப்பையிலேயே போட்டேன். வேலைக்கு வரும் அம்மா பார்த்துவிட்டு, "எந்தக் கடை தம்பி, நல்லா இருக்குமா?" என்று கேட்டாங்க.

சர்க்கரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதை எழுதத்தான் கொஞ்சம் தயக்கம், ஏனென்றால் கல்சட்டி விற்கிறவர்களில் சிலர் இதில் சமைத்தால் சர்க்கரை குறையும், கல்லிலிருந்து சத்து இறங்கும் என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். அதற்காக வாங்காதீர்கள். சட்டி மருந்தில்லை, அதில் வடித்தாலும் சோறு சோறுதான். எனக்குப் போன மாதம் 5.8 வந்தது, நான் தினமும் காலையில் நாற்பது நிமிஷம் நடக்கிறேன், ராத்திரி இரண்டு டப்பா பிரியாணி இல்லை, சோறு இரண்டு கரண்டியோடு நிற்கிறது, இதெல்லாம் சேர்ந்துதான். இரண்டு கரண்டியோடு ஏன் நிற்கிறது என்பதற்கு மட்டும் சட்டிக்குக் கொஞ்சம் மார்க் கொடுப்பேன்.

ஐந்துக்கு நாலரை. அரை மார்க் எடைக்காகக் குறைத்தது. நாலு பேருக்கு மூன்று வேளையும் பரபரவென்று சமைத்து இறக்குகிற வீட்டுக்கு இதை வாங்கச் சொல்லமாட்டேன், அவர்கள் என்னைத் திட்டுவார்கள். ராத்திரி தனியாக டப்பா பிரிப்பவர்கள் வாங்கலாம். நேரில் போய், சுண்டிப் பார்த்து, பழக்காத சட்டியாக.

உடைந்த முதல் சட்டியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. பால்கனியில் மண் போட்டுக் கற்பூரவல்லி வைத்திருக்கிறேன், விரிசல் வழியாகத் தண்ணீர் வடிவது செடிக்கு வசதியாகத்தான் இருக்கிறது. தினமும் அரிசி களைந்த கழுநீரை அதில் ஊற்றுகிறேன். அதுவும் லேசாகக் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.